தொட்டிக்கு அடியில்

குளியல் தொட்டி சரியாக உட்காரவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். ஏறிக் காலை ஊன்றினால் அடிப்பக்கம் முனகும். பிளாஸ்ரிக் சாமான், அப்படித்தான் சத்தம் போடும் என்று பலர் விட்டுவிடுவார்கள். தொட்டி மயிரிழை அளவு வளைந்து நிமிர்கிற சத்தம் அது. வளைந்து நிமிர்கிற பொருளில் எதுவும் நெடுநாள் ஒட்டியிருக்காது. முதலில் சுவரோரத்துச் சிலிக்கோன் பிரியும். பிறகு வடிவாயைச் சுற்றிப் பூசிய புட்டி தளரும். அதற்கும் பிறகு ஒருநாள், கீழே வரவேற்பறைக் கூரையில் தேயிலைச் சாயத்தில் ஒரு வட்டம் தெரியும். ஸ்காபரோவில் தமிழர் வீடொன்றில் அந்த வட்டம் தெரிந்தால், என் அத்தானின் கைபேசி அடிக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

அத்தான் எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு வந்தவர். உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு ஓர் இத்தாலியரிடம் கூலிக்கு நின்று தொழில் பழகினார். இப்போது குளியலறை வேலை மட்டும்தான் எடுப்பார். குசினி வேலைக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். குசினியில் வீட்டில் உள்ள எல்லாரும் நின்று அபிப்பிராயம் சொல்லுவார்கள், குளியலறை என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பது அவருடைய நியாயம்.

எங்கள் வீட்டு மேல்மாடிக் குளியலறையைப் பிரிக்கும்போது கூடமாட நின்றேன். இந்தப் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் 1950களிலும் 60களிலும் எழும்பியவை. வெளியே செங்கல் தெரிந்தாலும் உள்ளே தாங்குவது மரச்சட்டம். பழைய தொட்டி வார்ப்பிரும்பு, மேலே வெள்ளை எனாமல் பூச்சு. நூற்று முப்பது, நூற்று ஐம்பது கிலோ இருக்கும் சாதி. அந்தக் காலத்தில் நாலுபேர் சேர்ந்து படியேற்றியிருப்பார்கள். இறக்க வழியில்லை. போர்வையைப் போட்டு மூடிச் சம்மட்டியால் உடைத்துத் துண்டுதுண்டாகத்தான் கீழே கொண்டுபோனோம். ஒவ்வொரு அடிக்கும் வீடு அதிர்ந்தது. அம்மா கீழே சாமியறையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தொட்டி போனபிறகு தரை தெரிந்தது. குறுக்கே சரித்து அடித்த பலகைகள், அவற்றின் கீழே பதினாறு அங்குல இடைவெளியில் தரைச்சட்டங்கள். அந்தக் காலத்துப் பிளம்பர் தன் குழாய்க்கு வழிவிட ஒரு சட்டத்தின் பாதியை வாளால் அறுத்துவிட்டுப் போயிருக்கிறார். தன் வேலை முடிந்தால் சரி, தச்சன் வேலை தச்சனோடு என்று நினைத்தாரோ என்னவோ. அந்த இடத்தில் தரை பதிந்து, அறை முழுவதும் வடிவாய்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அறுபட்ட சட்டத்துக்குப் பக்கத்தில் புதுச்சட்டம் ஒன்றைச் சேர்த்து முடுக்கி, மேலே முக்கால் அங்குலப் பிளைவூட் அடித்தோம். அப்போதும் தரை முழுமட்டத்துக்கு வரவில்லை. நான் பலகைக்கு அடியில் ஆப்பு வைத்து நிமிர்த்தப் பார்த்தேன்.

"வீடு கோணல்தான் தம்பி. அதோடை மல்லுக்கட்டாதை. ரப்பைப் பூமிக்கு நேரா வை, வீட்டுக்கு நேரா வையாதை."

ரப் என்று அவர் சொல்வது தொட்டியை. இந்தப் புத்தியை வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிப் பார்த்திருக்கிறார். கேட்பவர் குறைவு. தொட்டியை மட்டமாக வைத்தால், சாய்ந்த சன்னலுக்கும் சாய்ந்த கதவு நிலைக்கும் நடுவில் அதுதான் கோணலாகத் தெரியும். வீட்டுக்காரர் தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு, ரப் சரிஞ்சு கிடக்கு என்பார். அத்தான் வாதாடுவதில்லை. ரசமட்டத்தை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது வீட்டுக்காரர் அதே ரசமட்டத்தைச் சன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கருவியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழியை அடைத்து மட்டம் பார்க்கலாம் என்று 1660களின் தொடக்கத்தில் எழுதி வைத்தவர் மெல்ஷிசெடெக் தெவெனோ என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் பதினாலாம் லூயி மன்னருடைய நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தார். அவர் இறந்தபிறகு 1696இல் வெளிவந்த அவருடைய புத்தகம் நீச்சலைப் பற்றியது. பெஞ்சமின் பிராங்ளின் இளவயதில் அதைப் பார்த்துத்தான் நீச்சல் வகைகளைப் பழகினார். குமிழி கண்ட மனிதரும் தண்ணீரை நினைத்த ஆள்தான் என்பதில் எனக்கு ஒரு சந்தோசம். குழலுக்குள் இருப்பது தண்ணீர் இல்லை, மதுசாரம். தண்ணீர் என்றால் தை மாதத்து ரொறன்ரோவில் அத்தானின் வானுக்குள் ஒரே இரவில் உறைந்து குழலை வெடிக்க வைத்திருக்கும்.

ரசமட்டம் பொய் சொல்லுவதும் உண்டு. கீழே விழுந்து அடிபட்டது பொய் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க வேறு கருவி தேவையில்லை. ஓர் இடத்தில் வைத்துக் குமிழியைப் பார்த்து, அதே இடத்தில் தலைமாடு கால்மாடாகத் திருப்பி வைக்கவேண்டும். குமிழி இரண்டு முறையும் ஒரே பக்கம் ஒரே அளவு நின்றால் கோணல் தரையில் இருக்கிறது. பக்கம் மாறினால் கோணல் கருவியில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பெரியப்பாவிடம் நல்ல ரசமட்டம் இருந்ததில்லை. அவர் மேசன். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி என்று சைக்கிளில் போய் வேலை செய்தவர். அவருடைய சாமான்பையில் ஒரு சாந்தகப்பை, ஒரு தூக்குக்குண்டு, நூல்பந்து, அதோடு சுருட்டி வைத்த, கண்ணாடிபோல உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்ரிக் ரியூப். வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது ரியூப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு மறுமுனையோடு என்னை எதிர் மூலைக்கு அனுப்புவார். நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் முனையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு போகவேண்டும். போய் நின்றதும் விரலை எடுக்கவேண்டும். தண்ணீர் ஏறும், இறங்கும், பிறகும் ஏறும். "ஆட்டாதை, நில்லு, அது தானா நிக்கட்டும்" என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வரும். நின்றதும் காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கம்பில் கோடு போடுவார். நானும் போடவேண்டும். நடுவில் மண்மேடு இருந்தாலும் மாமரம் இருந்தாலும் அந்த இரண்டு கோடும் ஒரே மட்டம்.

ரியூப்புக்குள் காற்றுக்குமிழி இருந்தால் எல்லாம் பிழைக்கும். நீர் நிரப்பியதும் பெரியப்பா ரியூப்பை முழு நீளத்துக்கும் தடவித் தடவிச் சுண்டி, குமிழிகளை ஒவ்வொன்றாக வெளியேற்றுவார். அத்தானின் குமிழி மட்டம் காட்டுகிறது, பெரியப்பாவின் குமிழி மட்டத்தைக் கெடுக்கிறது. இது இப்போது எழுதும்போதுதான் படுகிறது.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வீடுகள் இல்லை, கிணற்றடிகள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் தேங்கும் மழைத்தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு எல்லாவற்றுக்கும். ஆகவே கிணற்றடியில் ஊற்றிய தண்ணீர் வீணாகப் போகக்கூடாது. கிணற்றைச் சுற்றிப் போடும் சீமெந்துத் தரையை மட்டமாகப் போட்டால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். கூடுதலாகச் சரித்தால் வழுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில் வாட்டம் விட்டு, எங்கே நின்று குளித்தாலும் தண்ணீர் ஒரே மூலைக்குப் போய் அங்கிருந்து வாழைக்கு இறங்கும்படி பெரியப்பா போடுவார். முதலில் ரியூப்பை வைத்துச் சுற்றிவர மட்டம் குறிப்பார். அந்தக் கோட்டிலிருந்து கீழே விரலால் அளந்து வாட்டத்தைக் குறிப்பார். மட்டம் தெரியாதவன் விடுகிற வாட்டம் எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது.

கிணற்றுக்குப் பக்கத்தில் அவர் கட்டிய சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. இறைப்பு நாளில் பம்ப் தண்ணீர் அதில் விழுந்து நிரம்பி வாய்க்காலுக்குப் போகும். சின்னப்பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான் கிடப்போம். அடியில் ஒரு துளை, அதற்குச் சுருட்டிய சாரத்துண்டு அடைப்பு. யாராவது ஒருவர் காலால் அதைப் பிடுங்கிவிட, பெரியம்மா பூவரசங் கம்போடு ஓடிவருவார். இன்றைக்குக் குளியல் தொட்டி என்று கடையில் விற்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, எனாமலைத் தவிர.

தொட்டியிலிருந்து தண்ணீர் தோட்டத்துக்குப் போகும். அங்கே தண்ணி மாறுவது பிள்ளைகளின் வேலை. ஒரு பாத்தி நிரம்பினதும் மண்வெட்டியால் அதன் வாயை அடைத்து அடுத்ததைத் திறக்கவேண்டும். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெறுங்காலோடு நிற்கும்போது நிலத்தின் ஏற்ற இறக்கம் உள்ளங்காலில் ஏறிவிடும். வெங்காயப் பாத்தியில் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கினால் அந்தப் பக்கம் அழுகும், மறுபக்கம் காயும். ஆகப் பாத்தி மட்டமாக இருக்கவேண்டும், வாய்க்கால் சரிந்திருக்கவேண்டும். ஒரே தோட்டத்துக்குள், ஒரே மண்ணில், இரண்டும்.

பள்ளிக்கூடத்தில் யோத எலயைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் மனதில் வந்தது பெரியப்பாவின் ரியூப்தான். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில், கலாவெவவிலிருந்து அனுராதபுரத்துத் திசாவெவவுக்கு வெட்டிய 87 கிலோமீற்றர் வாய்க்கால் அது. அதன் முதற்பகுதியில் ஒரு கிலோமீற்றருக்குப் பத்து சென்ரிமீற்றர்தான் இறக்கம் என்று சொல்வார்கள். ஒரு சாண் கூட இல்லை. காட்டுக்குள்ளால் அதை எப்படிப் பார்த்தார்கள், எதை வைத்துப் பார்த்தார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டதற்கு, அது சோதினைக்கு வராது என்றார்.

ஸ்காபரோவுக்கு வருவோம். குளியல் தொட்டியைச் செய்கிற தொழிற்சாலை வாட்டத்தைத் தொட்டிக்குள்ளேயே வைத்துத்தான் அனுப்புகிறது. உட்தரை வடிவாயை நோக்கித் தானாகச் சரிந்திருக்கும். நாங்கள் விளிம்பை மட்டமாக வைத்தால் போதும், மீதி தானாக நடக்கும். பலர் ரசமட்டத்தைத் தொட்டியின் உள்ளே, தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, சரிந்திருக்கிறது என்று அந்தப் பக்கத்துக் காலை உயர்த்திவிடுகிறார்கள். பிறகு குளித்து முடித்தபின் சவர்க்காரத் தண்ணீர் நடுவில் குளம் கட்டி நிற்கும். அத்தான் திருத்தப் போகிற வீடுகளில் பாதி இந்த வகை. இன்னும் சில கெட்டிக்காரர் வடிவாய்ப் பக்கம் கொஞ்சம் பதித்து வைத்தால் கெதியாக வடியும் என்று பதித்து வைக்கிறார்கள். அப்போது விளிம்பும் சரியும், விளிம்பில் தெறித்த தண்ணீர் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி அங்கே சிலிக்கோனைத் தின்னும்.

கீழே போகும் ஒன்றரை அங்குலக் குழாயின் கதை வேறு. அதற்குள் தொழிற்சாலை வாட்டம் எதுவும் இல்லை, போடுபவர்தான் விடவேண்டும். ஓர் அடிக்குக் கால் அங்குலம். அதற்கு முன்னால் ஒரு வளைவு, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், சாக்கடை வாடை வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

அத்தான் குழாய் பொருத்திக்கொண்டிருக்க, விளக்குப் பிடித்தபடி நான் மொகஞ்சதாரோவுக்குப் போய்விட்டேன். அங்கே தோண்டி எடுத்த பெருங்குளம் பன்னிரண்டு மீற்றர் நீளம், ஏழு மீற்றர் அகலம், ஆழம் இரண்டரை மீற்றருக்குக் கிட்ட. தரை தென்மேற்கு மூலையை நோக்கிச் சரிந்திருக்கிறது, வடிவாய் அங்கேதான். நாலாயிரம் வருசத்துக்கு மேலான வாட்டம். எனக்கு அதைவிடப் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத பகுதி. செங்கற்களைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நெருக்கமாக அடுக்கி, ஜிப்சக் கலவையால் இணைத்து, சுவருக்குப் பின்னால் நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். குளிக்க வந்தவர் எவரும் அந்த நிலக்கீலைப் பார்த்திருக்கமாட்டார். "தம்பி, வெளிச்சம்" என்று அத்தான் சத்தம் போட்டார்.

இனித்தான் முக்கியமான இடம். பழைய வார்ப்பிரும்புத் தொட்டி தன் எடையாலும் விறைப்பாலும் தானே நின்றது. புது அக்ரிலிக் தொட்டி முப்பது நாற்பது கிலோதான், ஒரு ஆள் தோளில் ஏற்றலாம். அந்த இலேசுக்கு விலை உண்டு. அடியில் முழுவதும் தாங்கல் இல்லாவிட்டால் அது வளையும். நூற்றைம்பது லீற்றர் தண்ணீர் என்றால் நூற்றைம்பது கிலோ, அதற்குமேல் ஆள். குமிழி நடுவில் நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்புகிறவர்கள் தொட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. என்னைக் கேட்டால் குமிழி கால்வாசி வேலை, அடியில் இருப்பது முக்கால்வாசி.

தகரத்திலிருந்து பீய்ச்சும் நுரையை அடித்து நிரப்புகிறவர்கள் உண்டு. அது ஊதும்போது தொட்டியையே தூக்கிவிடும், பார்த்துப் பார்த்து வைத்த மட்டம் போய்விடும். அத்தான் சாந்துக்காரர். சுவர் மரக்கால்களில் விளிம்பின் உயரத்துக்கு மட்டம் குறித்து, அந்தக் கோட்டில் நீளமாக ஒரு பலகை அடித்தார். பின்விளிம்பு அதில்தான் குந்தும். தரையில் ஒரு பிளாஸ்ரிக் தாளை விரித்தார், பலகை சாந்தின் ஈரத்தை உறிஞ்சாமல் இருக்க. அதன்மேல் சீமெந்துச் சாந்தைக் கொஞ்சம் இறுக்கமாகக் குழைத்து இடைவெளி விட்டுக் குவியல் குவியலாக வைத்தார். ஒரேயடியாகப் பரப்பினால் தொட்டி இறங்காது, குவியல் என்றால் நசிந்து பரவ இடமிருக்கும். தொட்டியை இறக்கி, உள்ளே முழங்காலில் நின்று மெல்ல மெல்ல அழுத்தினார். விளிம்பு பலகையைத் தொட்டது. நாலு பக்கமும் ரசமட்டம். பிறகு மறுநாள்வரை ஒருவரும் ஏறக்கூடாது என்று கதவில் ஒரு கடதாசி ஒட்டினார்.

குழைத்து மிஞ்சிய சாந்து வாளியில் கிடந்தது. அத்தான் அதை அப்படியே குப்பைப் பையில் கொட்டினார். எனக்குக் கை பதறியது.

1990 ஆனியில் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் திரும்பவும் சண்டை தொடங்கியபிறகு, யாழ்ப்பாணத்துக்குள் வர அரசாங்கம் விடாத சாமான்களில் சீமெந்தும் ஒன்று. பற்றரி, எரிபொருள், சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது. தோய்த்த உடுப்பை மாடு வந்து சப்பும். மேசன்மாருக்குத் தொழில் இல்லை. எங்காவது ஒரு பை சீமெந்து இருப்பதாகக் கேள்விப்பட்டால் பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார், விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார். கிணற்றடியில் வெடிப்பு விட்ட இடங்களுக்குச் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினார். அவருடைய தகப்பன் காலத்தில் வீடுகளே அப்படித்தான் எழும்பின, ஆகவே அவருக்கு அது தெரியாத வேலை இல்லை. இருந்தும் பூசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் எழும்பிப் போவார். 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டை நெருங்க ஊரோடு வெளிக்கிட்டு, பிறகு திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. தொட்டி இருந்தது. அடைப்புத் துணிதான் இல்லை.

சாந்து இறுகினபிறகு தொட்டியில் முதலில் ஏறியது அம்மா. கனடாவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் குளியல் தொட்டிக்குள் ஒரு வாளியும் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையும் இருக்கும். வயதானவர்கள் உள்ள வீடென்றால் ஒரு குட்டி ஸ்ரூலும் இருக்கும். தொட்டியைச் செய்தவர் அதில் ஒருவர் நீட்டி நிமிர்ந்து படுப்பார், எடை உடம்பு நீளத்துக்கும் பரவும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எங்கள் அம்மா படுக்கமாட்டார். படுத்துக் குளிப்பது வருத்தக்காரர் வேலை. ஸ்ரூலில் குந்தி, பக்கத்தில் நிரம்பிய வாளியை வைத்து, அள்ளி அள்ளி ஊற்றுவார். அவருடைய எடை முழுவதும் நாலு சின்னக் கால்களில் இறங்கும், அதுவும் நடுத்தரையில். பயன்படுத்தும் கையேட்டில் இந்தக் குளிப்பு இல்லை. அத்தான் சாந்தை இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போடுவதற்குக் காரணம் மாமிமாரின் ஸ்ரூல்கள்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

"அசையேல்லை மோனை" என்றார் அம்மா. உடுப்போடு ஸ்ரூலில் இருந்தபடி ஒருமுறை எழும்பி இருந்தும் பார்த்தார். அத்தானுக்கு அதைவிட வேறு சான்றிதழ் தேவைப்படவில்லை.

ஓடு பதித்து முடிந்தது. கடைசி வேலை சிலிக்கோன். அதற்கு முன் தொட்டியை விளிம்புவரை நிரப்பவேண்டும். எவ்வளவு சாந்து போட்டாலும் எடை ஏறும்போது தொட்டி ஒரு நூலளவு இறங்கும், சுவருக்கும் விளிம்புக்கும் இடையிலான வெடிப்பு அப்போதுதான் முழுதாகத் திறக்கும். திறந்த நிலையில் நிரப்பினால் பிறகு இழுபட்டுப் பிரியாது. வெறும் தொட்டியில் பூசினால் முதல் குளிப்பிலேயே சிலிக்கோன் இழுபடும். பூசியபின் அது காயும்வரை தண்ணீரை விடவும் கூடாது. அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. வாசலில் நின்று, ஒருவரும் குளிக்காத அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அத்தான் அடைப்பைத் திறக்கக் குனிந்தபோது, "பொறுங்கோ தம்பி" என்று அம்மா வாளியோடு வந்துவிட்டார். பின்வளவில் தக்காளியும் மிளகாயும் நட்டிருந்தார். அள்ளி அள்ளித் தர, நானும் பிள்ளைகளும் படியால் இறக்கினோம். கடைசியில் வாளி முங்காத அளவுக்கு வந்ததும்தான் அத்தானுக்கு அனுமதி கிடைத்தது. மீதித் தண்ணீர் ஒரு மூலையிலும் நிற்காமல் சுழன்று போனது.

"உது எங்கை போகுது?" என்று அம்மா கேட்டார்.

ஹைலண்ட் கிரீக்கில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு, அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கு என்றேன். குழாயில் எங்களுக்கு வருவதும் அதே ஏரித் தண்ணீர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தான் கண்ணால் மறித்தார். அம்மா மத்தியானச் சோற்றுக்கு அரிசி கழுவப் போய்விட்டார்.